ஆஸ்திரேலியப் பயணத்தில் கேம்ப் ஓவன் ரொட்டி வகுப்பு: எதைப் பார்த்துச் சேர்வது?

நெடுவழி
வணக்கம். ஆகஸ்ட்டில் மெல்பர்னில் இறங்கி, அதே விக்டோரியா மாநிலத்துக் கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் போய், அங்கிருந்து நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போவதாகத் திட்டம். இரண்டு இடத்திலும் விறகு நெருப்பில், கேம்ப் ஓவன் என்ற மூடியுள்ள இரும்புச் சட்டிக்குள் டேம்பர் (ஈஸ்ட் இல்லாத ஆஸ்திரேலிய ரொட்டி) சுடக் கற்றுத்தரும் வகுப்புகள் இருக்கின்றன. சிலது ஒரு மணி நேரம், சிலது அரை நாள். கட்டணமும் ஏறுக்குமாறாக இருக்கிறது. எங்களில் இருவர் முட்டை, இறைச்சி தொடாதவர்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் கூட வருகிறான். பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும், போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தணல்காரன்
மாவு பிசைவதை வீட்டுச் சமையலறையிலேயே பழகிக்கொள்ளலாம். காசு கொடுத்துக் கற்க வேண்டியது தணலைக் கையாள்வதைத்தான். வகுப்பை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

முதல் கேள்வி: ஒரு ஓவனுக்கு எத்தனை பேர்? இரண்டு அல்லது மூன்று பேர் என்றால் சரி. பன்னிரண்டு பேர் ஒரே சட்டியைச் சுற்றி நின்றால் அது வேடிக்கை பார்ப்பதுதான். மண்வெட்டியும் மூடி தூக்கும் கொக்கியும் உங்கள் கைக்கு வருமா என்று நேரடியாகவே கேளுங்கள்.

இரண்டாவது, நெருப்பை யார் மூட்டுகிறார்கள்? கணக்கு இதுதான்: ரெட் கம் அல்லது அயர்ன்பார்க் விறகு எரிந்து நல்ல தணலாக 60 முதல் 75 நிமிடம். மாவு கலக்க 15 நிமிடம், அதைத் தணல் தயாராகும்போதே செய்துகொள்ளலாம். ரொட்டி வேக 30–35. ஆற 10. ஆக ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து முழு வேலையும் நடக்க வழியே இல்லை. ஒரு மணி நேர வகுப்பு என்றால் நீங்கள் போவதற்குள் தணல் தயாராக இருக்கும், மாவும் பாதி கலந்திருக்கும். பையனுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது.

மூன்றாவது, தீத்தடை நாள் வந்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா? ஆகஸ்ட் குளிர்காலம் என்பதால் விக்டோரியாவில் அந்தக் கவலை குறைவு. ஆனாலும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தீத்தடை
அந்தக் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் இதே இழையை டிசம்பரில் யாராவது தேடிப் படிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2022 செப்டம்பர் முதல் தீ அபாயத்துக்கு நாடு முழுவதும் ஒரே அளவுகோல்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக் என்று நான்கு படிகள். ஆனால் இந்தப் படி வேறு, 'டோட்டல் ஃபயர் பேன்' எனும் முழுத் தீத்தடை வேறு. தடையை அந்தந்த மாநிலத் தீயணைப்புத் துறை தனியாக அறிவிக்கும், பெரும்பாலும் முதல் நாளே. தடை நாளில் விறகு, கரி எதுவும் கூடாது. "சின்ன அடுப்புதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. விக்டோரியாவுக்கு விக்எமர்ஜென்சி செயலி, நியூ சவுத் வேல்ஸுக்கு ஹசர்ட்ஸ் நியர் மீ. போனில் இரண்டையும் போட்டு வையுங்கள்.

தெற்கே இந்த வகுப்புகளுக்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. மத்தியிலும் வடக்கிலும் மே முதல் செப்டம்பர் வரை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் தெற்கே வந்துவிட்டுக் கேம்ப் ஓவன் வகுப்பு வேண்டும் என்றால் சில நாள் அடுப்பே எரியாமல் போகலாம்.

வகுப்பில் கற்றதை அடுத்த நாள் நீங்களே செய்து பார்க்க ஆசை வரும். விக்டோரியாவின் அரசுக் காடுகளில் நெருப்பு மூட்ட விதி உண்டு. ஏற்கெனவே கட்டிய அடுப்புக் குழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். சுற்றிலும், மேலேயும் 3 மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. நெருப்பின் பரப்பு ஒரு சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. விட்டுவிட்டு நகரக்கூடாது. அணைக்கக் குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் விதி இன்னும் இறுக்கம். பல இடங்களில் கீழே கிடக்கும் சுள்ளியைக்கூடப் பொறுக்கக்கூடாது, அது பல்லிக்கும் பூச்சிக்கும் வீடு. விறகைக் காசு கொடுத்து வாங்கிப் போவதுதான் வழி. வாசலில் உள்ள பலகையைப் படிக்காமல் தீப்பெட்டியைத் தொடாதீர்கள்.

போறணை
வணக்கம் நெடுவழி. முட்டைப் பிரச்சினை உங்களுக்கு வராது, டேம்பரில் முட்டையே இல்லை. அடிப்படை அளவு இதுதான்:

செல்ஃப் ரெய்சிங் மா, அதாவது பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் மா, 450 கிராம் (ஆஸ்திரேலியக் கப்பில் 3 கப்)
உப்பு அரைத் தேக்கரண்டி
குளிர்ந்த பட்டர் 80 கிராம்
பால் அல்லது தண்ணீர் 185 மி.லி., மா இழுத்தால் 220 வரை

மாவையும் உப்பையும் கலந்து, பட்டரைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, விரல் நுனியால் ரொட்டித்தூள் போல உதிர்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை படக்கூடாது, பட்டர் உருகிவிடும். நடுவில் குழி செய்து முக்கால் பங்கு பாலை விட்டு, மொட்டைக் கத்தியால் வெட்டி வெட்டிக் கலக்க வேண்டும். மா ஒன்று சேர்ந்த உடனே நிறுத்துங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் பசைத்தன்மை இறுகி, வெந்த பிறகு செங்கல் மாதிரி வரும். எங்கட ஆட்கள் கன பேர் விடுகிற பிழை இதுதான், கை பழக்கம் அப்படி. 18 செ.மீ. வட்டமாக, 4 செ.மீ. உயரத்தில் தட்டி, மேலே 1 செ.மீ. ஆழத்துக்குச் சிலுவைக் கீறல் போடுங்கள். கீறாவிட்டால் அது தானே பக்கவாட்டில் வெடிக்கும்.

இன்னொன்று: ஈரம் பட்ட நிமிடமே பேக்கிங் பவுடர் வேலை செய்யத் தொடங்கிவிடும். தணல் தயாரான பிறகுதான் பாலை விட வேண்டும். வகுப்பில் மாவை முதலே கலந்து வைத்துவிட்டு முக்கால் மணித்தியாலம் கதை சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ரொட்டி எழும்பாது.

பால் பொருளும் வேண்டாம் என்றால் பட்டருக்குப் பதிலாக 60 மி.லி. எண்ணெய், பாலுக்குப் பதிலாகத் தண்ணீர். அப்போது கொஞ்சம் உதிரித்தன்மை குறையும், மற்றபடி குறை இல்லை. ஊரில் போய்ச் செய்யும்போது செல்ஃப் ரெய்சிங் மா கிடைக்காவிட்டால் 150 கிராம் மைதாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். ஆட்டா மட்டும் போட்டால் கனக்கும், பாதிக்குப் பாதி போட்டுத் தண்ணீரை 30 மி.லி. கூட்டுங்கள். அளவுக்கரண்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி., மற்ற நாடுகளில் 15. வகுப்பில் எழுதித் தரும் தாளில் மேசைக்கரண்டி என்று இருந்தால் பக்கத்தில் மி.லி. குறித்துக்கொள்ளுங்கள்.

கரிக்கணக்கு
தணலைப் பற்றி எல்லோரும் சித்து வேலை போலப் பேசுவார்கள். எண்ணத் தெரிந்தால் போதும். பிரிக்கெட் கரி (கரித்தூளை அழுத்திச் செய்த ஒரே அளவுக் கட்டிகள்) பயன்படுத்தும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள், அதைத் திரும்ப வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

ஓவனின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலம் என்றால் மூடி மேல் 12+3=15, அடியில் 12−3=9. மொத்தம் 24. இது உள்ளே ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் தரும். டேம்பருக்கு 200 வேண்டும். ஒவ்வோர் இரண்டு கட்டிக்கும் சுமார் 13 டிகிரி ஏறும் என்று வைத்தால் இன்னும் நான்கு, ஐந்து. அதில் ஒன்றை அடியில், மிச்சத்தை மேலே. மேலே 18–19, கீழே 10. பத்தங்குல ஓவனுக்கு மேலே 17, கீழே 8.

ரொட்டி, கேக் என்றால் எப்போதும் மேலே மூன்றில் இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. குழம்பு கொதிக்க வேண்டும் என்றால் அடியில்தான் அதிகம் இருக்க வேண்டும். வறுவலுக்கு எல்லாமே அடியில்.

கரியைச் சிம்னி குழாயில் போட்டுப் பற்றவைத்து, மேல் கட்டிகளின் ஓரம் வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரை 20–25 நிமிடம் விடுங்கள். கறுப்பாக இருக்கும்போதே அடுக்கினால் முதல் பத்து நிமிடம் சூடு வராது, பிறகு ஒரேயடியாக ஏறும். பற்றவைத்த கரி 45–60 நிமிடம் தாங்கும். டேம்பருக்கு ஒரு சுற்று போதும். எரிபொருள் ஊறவைத்த 'ஈசி லைட்' வகை வேண்டாம், அந்த வாடை ரொட்டியில் ஏறும்.

தணல்காரன்
> எண்ணத் தெரிந்தால் போதும்

கரிக்கணக்கு ஐயா, உங்கள் எண்கள் அமெரிக்கக் கரிக்கும், அமெரிக்க வார்ப்பிரும்பு ஓவனுக்கும் போட்ட அட்டவணையிலிருந்து வருபவை. இங்கே விற்கும் கரிக்கட்டியின் அளவும் அடர்த்தியும் வேறு. ஓவனையும் பெரும்பாலும் அங்குலத்தில் சொல்வதில்லை, 4.5 குவார்ட், 9 குவார்ட் என்று கொள்ளளவுதான் பெட்டியில் இருக்கும். காற்று அடித்தால் கணக்கு இன்னும் கெடும்: காற்று வரும் பக்கத்துக் கரி சீக்கிரம் எரிந்து தீரும், அந்தப் பக்கம் ரொட்டி கருகும். எண் ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் பெரும்பாலும் விறகுத் தணல்தான் இருக்கும். அதற்கு எண் கிடையாது. செய்முறை இப்படி:

நெருப்பை நீளவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் விறகு எரிந்துகொண்டே இருக்கும், அது தணல் கொடுக்கும் பக்கம். மறுமுனை சமமான மண், அதுதான் ஓவன் உட்காரும் இடம். எரியும் நெருப்பின் மேல் ஓவனை ஒருபோதும் வைக்காதீர்கள். சுவாலை அடங்கி, சிவப்பின் மேல் வெள்ளை நீறு பூத்த 3–4 செ.மீ. கங்குகளை மண்வெட்டியால் இழுத்து, ஓவன் அடியைவிட ஒரு விரல் அகலம் பெரிதான வளையமாகப் பரப்புங்கள். வளையத்தின் நடுவில் ஒன்றும் வேண்டாம். இரும்பு நடுவுக்குச் சூட்டைத் தானே கடத்திவிடும். மூடி மேல் ஓரம் முழுக்க ஒரு வரிசை, நடுவில் மூன்று நான்கு கங்கு. தம் பிரியாணிக்கு மூடி மேல் கங்கு போடுவதன் வேலைதான் இதுவும், ஆனால் அங்கே கீழ்ச் சூடு முக்கியம், இங்கே மேல் சூடு.

மூடியையும் ஓவனையும் பத்து நிமிடம் முன்பே காயவைக்க வேண்டும். சரியான சூடா என்று பார்க்கக் காலி ஓவனுக்குள் ஒரு கரண்டி காய்ந்த மாவைத் தூவுங்கள். ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் ரொட்டியை வைக்கலாம். வைத்ததும் புகைந்து கறுத்தால் அடித்தணலில் பாதியை இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். மூன்று நிமிடமாகியும் வெள்ளையாகவே கிடந்தால் மேலே இன்னொரு மண்வெட்டி. தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி நான்கைந்து நொடி தாங்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் கை மாறும். மாவு பொய் சொல்லாது.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓவனை வலப்பக்கம் கால் சுற்று, மூடியை இடப்பக்கம் கால் சுற்று. தணலில் எங்கே சூடு கூடுதலாக இருந்தாலும் ஒரே இடத்தில் தாக்காது. திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், முதல் 20 நிமிடம் மூடியைத் திருப்பலாம், தூக்கக்கூடாது. திறப்பதற்கு முன் மூடி விளிம்புச் சாம்பலை ஊதிவிட்டு, கொக்கியால் நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் சாம்பல் அத்தனையும் ரொட்டி மேல்தான்.

மூக்கையும் நம்புங்கள். பத்தாவது நிமிடமே ரொட்டி வாசம் தூக்கலாக வந்தால் அடிச்சூடு அதிகம். 25 நிமிடத்துக்கு மேல் வந்தால் வெந்துகொண்டிருக்கிறது.

கரிக்கணக்கு
விறகுக்கு எண் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாகக் கற்பவருக்கு மாறாத ஒன்று கையில் இருந்தால்தான் எதை மாற்றினோம் என்று தெரியும். முதல் ரொட்டியைக் கரியில் சுட்டுப் பழகி, இரண்டாவதை விறகில் சுடும் வகுப்பு கிடைத்தால் அதுவே நல்லது. காற்றுக்கு ஒரு தகரத் தடுப்பு வைத்தால் என் எண்ணும் பெரிதாகக் கெடாது.

இரும்புச்சட்டி
சைவர்கள் இருவர் என்றீர்கள், அதைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. வார்ப்பிரும்பு ஓவனைத் தோசைக்கல் போலத்தான் பழக்குவார்கள். பழைய ஓவன்களில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ ஊறியிருக்கும், முதல் நாள் அதே ஓவனில் இறைச்சி வறுத்திருப்பார்கள். கழுவினாலும் அது போகாது. பதிவு செய்யும்போதே இதைச் சொல்லி, தாவர எண்ணெயில் பழக்கிய தனி ஓவன் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் 20 செ.மீ. கேக் தட்டு ஒன்று கையோடு கொண்டுபோங்கள். ஓவன் அடியில் கம்பி முக்காலி, அதன் மேல் தட்டு, அதற்குள் ரொட்டி. இரும்பில் எதுவும் படாது. நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் அடி கருகுவதும் குறையும், எனவே சைவர் அல்லாதவர்களுக்கும் இதையே சிபாரிசு செய்வேன். முக்காலி துத்தநாகம் பூசியதாக இருக்கக்கூடாது, அதிகச் சூட்டில் அந்தப் பூச்சின் புகை நல்லதல்ல. கைக்கு எட்டிய மூன்று கூழாங்கல்லை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஆற்றங்கரைக் கல்லைத் தொடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும்.

ஓவனில் இரண்டு வகை. வார்ப்பிரும்பு கனம், மெதுவாகச் சூடேறும், பிடித்த சூட்டை விடாது. இன்னொன்று பெடூரி ஓவன், அழுத்தித் திரட்டிய எஃகுத் தகட்டில் செய்தது. குவீன்ஸ்லாந்தின் பெடூரி கால்நடைப் பண்ணைப் பெயர் அது. பொதிக்குதிரையிலிருந்து விழுந்தால் வார்ப்பிரும்பு உடையும், எஃகு நசுங்குவதோடு சரி. மூடியைத் தனியே வாணலியாகவும் பயன்படுத்தலாம். ஆனால் தகடு மெல்லியது, அடித்தணலை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால்தான் ரொட்டி பிழைக்கும். வகுப்பில் எஃகில் கற்றுவிட்டு வீட்டில் வார்ப்பிரும்பு வாங்கினாலும், மாற்றிச் செய்தாலும், நேரமும் தணலும் ஒத்துவராது. எதில் கற்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூடியில் விளிம்பு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கவிழ்ந்த கிண்ணம் போன்ற மூடியில் கங்கு நிற்காது, ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வழுக்கி விழும்.

சூடான வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். ரொட்டி எடுத்ததும் அப்படியே ஆறவிட்டு, துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இரண்டையும் புது ஓவனில் வைக்காதீர்கள், புளிப்பு அந்தப் பூச்சை உரித்துவிடும். கடையில் வாங்கும் புது ஓவனில் பலவற்றுக்குத் துரு பிடிக்காமல் இருக்க மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் தேய்த்து எடுத்த பிறகே பழக்கத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் ரொட்டி மெழுகுவர்த்தி வாடை அடிக்கும்.

நெடுவழி
எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்வி கூடுதலாக. படங்களில் பார்க்கும் பல ரொட்டிகள் அடி கறுத்து, நடு மாவாக இருக்கின்றன. காரணம் அடித்தணல் மட்டும்தானா? ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வகுப்பில் ஈஸ்ட் ரொட்டி என்று போட்டிருக்கிறார்கள், அந்தக் குளிரில் அது எழும்புமா? பையனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

போறணை
அடி கறுப்பும் நடு மாவும் சேர்ந்து வந்தால் மூன்று காரணங்களில் ஒன்று. அடித்தணல் கூடியது முதலாவது, 70 வீதம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்ணிப் பார்த்த கணக்கில்லை, என் ஊகம்). இரண்டாவது, ரொட்டியின் உயரம். ஆறேழு செ.மீ. உயரத்துக்கு உருண்டையாக வைத்தால் சூடு நடுவுக்குப் போய்ச் சேருமுன் தோல் கருகும். 4 செ.மீ. என்று நான் சொன்னது அதற்காகத்தான். மூன்றாவது, பால் கூடிப்போன மா. வகுப்பில் எல்லோரும் "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றுவார்கள்.

மேலே வெளுத்து அடி சரியாக இருந்தால் மூடித்தணல் போதவில்லை. கடைசி ஐந்து நிமிடம் அடித்தணலை முழுக்க அகற்றி மூடி மேல் குவித்தால் நிறம் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் திருப்ப மறந்திருக்கிறீர்கள். வெந்ததா என்று அறிய அடியில் விரல் மடக்கித் தட்டினால் வெற்றுப் பெட்டி போலச் சத்தம் வர வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 93–96 டிகிரி. வெந்த உடனே வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும், பத்து நிமிடம் துணியில் சுற்றி வையுங்கள்.

ஈஸ்ட் பாணுக்கு: பிரெட் மா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 320 மி.லி., உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம். இதைப் பத்து நிமிடம் வடிவாகப் பிசைய வேண்டும், டேம்பருக்கு நேர் எதிர். பாலைவனத்து ஆகஸ்ட் இரவில் 5 டிகிரிக்கும் கீழே போகும், வெளியில் வைத்த மா அசையவே அசையாது. நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பதும் பிழை, நெருப்பைப் பார்த்த பக்கம் எழும்பித் தளர்ந்துவிடும், மற்றப் பக்கம் கிடையாகக் கிடக்கும். எஸ்கி என்று சொல்லும் ஐஸ்பெட்டிக்குள் மாப் பாத்திரத்தையும், சுடுதண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றையும் வைத்து மூடிவிடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் இரட்டிப்பாகும். பிறகு உருட்டி, எண்ணெய் தடவிய கேக் தட்டில் மறுபடி எழும்ப 35–40 நிமிடம். சுட 220 டிகிரி வேண்டும், மேலே தணலைக் கூட்டுங்கள், 35–40 நிமிடம் வேகும். நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வருகிறது. வகுப்பு இரண்டு மணித்தியாலம் என்று போட்டிருந்தால் மாவை அவர்கள் காலையிலேயே பிசைந்து வைத்திருப்பார்கள். பிசைகிற வேலை உங்களுக்குக் கிடைக்காது, கேட்டுக்கொள்ளுங்கள்.

பையனுக்குக் குச்சி ரொட்டி. அதே டேம்பர் மா, கொஞ்சம் இறுக்கமாக. விரல் தடிமனில் கயிறாக உருட்டி, ஒரு மீட்டர் நீளக் குச்சியின் நுனியில் இடைவெளி விட்டுச் சுற்றி, முனையைக் கிள்ளி மூடிவிட வேண்டும். சுவாலையில் காட்டினால் இரண்டு நிமிடத்தில் கரி. தணலுக்கு ஒரு சாண் மேலே திருப்பித் திருப்பி 8–10 நிமிடம். குச்சியிலிருந்து சுழற்றினால் தானாக வழுக்கி வந்தால் வெந்தது. அந்த ஓட்டைக்குள் பட்டரும் கோல்டன் சிரப்பும் விடுவது இங்கத்தைய வழக்கம். கித்துள் பாணி (கித்துள் பனைப் பாகு) கையில் இருந்தால் விட்டுப் பாருங்கள், அதற்கு மேல் வேறொன்றும் தேவையில்லை.

இரும்புச்சட்டி
குச்சி என்றதும் ஒன்று. வழியில் முறித்த கிளை வேண்டாம். அரளி இங்கேயும் வேலியோரம் எங்கும் நிற்கிறது, அதன் குச்சியும் புகையும் நஞ்சு. தச்சுக்கடையில் பூச்சில்லாத மர உருளை கிடைக்கும். அதேபோல, பச்சை நிறம் ஏறிய வேலிக்கட்டை, பழைய பலகை எதையும் நெருப்பில் போடக்கூடாது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய மரம் அது, சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

மணல்மேடு
ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போவதால் சொல்கிறேன். அந்தப் பகுதியில் பழங்குடியினர் நடத்தும் வகுப்புகளும் உண்டு. அவற்றை ரொட்டி வகுப்பு என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள். டேம்பர் என்று இப்போது நாம் சொல்வது வெள்ளைக் கோதுமை மாவு வந்த பிறகு மாட்டுப் பண்ணையாட்கள் சுட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் புல் விதைகளை அரைத்துத் தணலில் சுட்டிருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸின் கடி ஸ்பிரிங்ஸில் கிடைத்த அரைகற்கள் சுமார் 30,000 ஆண்டுப் பழமை என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். விதை சேகரிப்பு, புடைப்பது, கல்லில் ஈரமாக அரைப்பது இதெல்லாம் காட்டினால் அதற்கு நேரம் கொடுங்கள். அம்மியில் அரைத்துப் பழகியவர்களுக்குக் கை அசைவு பிடிபடும்.

வழிகாட்டி இல்லாமல் பறித்து அரைக்கும் யோசனை வேண்டாம். 1861ல் பர்க், வில்ஸ் என்ற இரு பயணிகள் கூப்பர் ஓடைக்கரையில் நார்டூ என்ற நீர்ப்பெரணியின் வித்துப்பையை அரைத்துச் சாப்பிட்டே நாளுக்கு நாள் மெலிந்து இறந்தார்கள். நார்டூவில் தயாமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அங்கே வாழ்ந்த யாண்ட்ருவாண்டா மக்கள் பக்குவம் செய்யும் முறையில் அதன் வீரியம் குறைந்துவிடும், பயணிகள் அந்தப் படிகளைப் பின்பற்றவில்லை என்பது இப்போதைய விளக்கம். கூட வந்த கிங் என்பவர் அந்த மக்களோடு சேர்ந்து வாழ்ந்து உயிர் தப்பினார்.

சட்டியே இல்லாமல் சாம்பலில் நேரடியாகச் சுடும் ரொட்டியும் அங்கே கிடைக்கும். மா, உப்பு, தண்ணீர், 3 செ.மீ. தடிப்பு. மண்ணில் தணலை விலக்கி, சூடான சாம்பலில் படுக்க வைத்து, மேலே சாம்பல், அதன் மேல் கங்கு. 20–25 நிமிடம். மேல் மாவு உலர்ந்து தோல் கட்டியிருந்தால் சாம்பல் ஒட்டாது, துணியால் தட்டினாலே உதிரும். ஈரமான மாவை அப்படியே போட்டால் சாம்பலைச் சேர்த்துத்தான் தின்ன வேண்டும். வாட்டில்சீட் எனப்படும் வறுத்த அகாசியா விதைப்பொடி 450 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்தால் காப்பி போல ஒரு வாசம் வரும். தமிழ்நாட்டு வேலமரத்தின் தூரத்து உறவு என்பதற்காக அந்த விதையை அரைக்கப் போகாதீர்கள், எல்லா இனமும் உண்ணத் தக்கதல்ல.

தீத்தடை
பையன் வருவதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அல்லது கம்பளி. மூடிய காலணி. அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டரில் மண்ணில் கோடு கிழித்து, குச்சி அதைத் தாண்டலாம், கால் தாண்டக்கூடாது என்று சொல்லுங்கள்.

நெருப்பை மணல் போட்டு மூடுவது பார்க்கத்தான் பத்திரம். மணல் சூட்டைப் பிடித்துவைக்கும், மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இதில்தான் பாதம் வெந்துகொள்கிறார்கள். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தால் சூடே இருக்கக்கூடாது. வகுப்பு நடத்துபவர் இதைச் செய்யாமல் போனால் நீங்கள் செய்யுங்கள்.

சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம், பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ், மஞ்சள், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். சுட்ட இடம் இருபது சென்ட் காசைவிடப் பெரிதானால் மருத்துவமனை. அவசர எண் 000.

குளிராக இருக்கிறதென்று தணல் மிச்சமுள்ள ஓவனையோ கரிச் சட்டியையோ கூடாரத்துக்குள்ளோ கேரவனுக்குள்ளோ கொண்டுபோகக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்கியவர் எழமாட்டார்.

நெடுவழி
கிராம்பியன்ஸில் அரை நாள் வகுப்பு, மூன்று பேருக்கு ஒரு ஓவன், நெருப்பும் நாங்களே மூட்டலாம் என்று பதில் வந்திருக்கிறது. அதையே பதிவு செய்கிறோம். ஆலிஸில் விதை அரைக்கும் வகுப்பு. கேக் தட்டும் முக்காலியும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன். திரும்பும்போது ஒரு ஓவன் வாங்கிவரலாமா, விமானத்தில் தடை உண்டா?

இரும்புச்சட்டி
ஓவனுக்குத் தடை இல்லை, கனம்தான். 9 குவார்ட் வார்ப்பிரும்பு 9 கிலோவை ஒட்டி வரும். பெட்டிக்குள் மூடியைத் தலைகீழாக வைத்து இடையில் துணி திணிக்காவிட்டால் ஊர் போய்ச் சேர்வதற்குள் மூடி விளிம்பு உடைந்திருக்கும். கனம் ஒத்துவராதென்றால் எஃகு ஓவன் பாதிக்கும் குறைவு. நெருப்பு மூட்டும் கட்டிகளைக் கைப்பையிலும் போடக்கூடாது, பெரிய பெட்டியிலும் போடக்கூடாது. தீப்பெட்டியை வந்திறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வரும்போது ஆட்டா, மசாலா, பருப்பு எது கொண்டுவந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் 'ஆம்' என்று குறியுங்கள். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம். பயன்படுத்திய முக்காலியில் மண், சாம்பல் ஒட்டியிருந்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டு வாருங்கள், மண்ணைக் கண்டால் விடமாட்டார்கள்.

போறணை
தோல் கையுறையையும் பெட்டியில் போடுங்கள், முழங்கை வரை மூடுகிற வெல்டிங் கையுறை. வகுப்பில் தருகிறது பெரும்பாலும் பெரிய ஆட்களின் அளவு, சின்னக் கைக்குள் நிற்காது.